ஒரே கார்டு, எல்லாக் குளமும்

என் முதுகுதான் என்னை நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொள்ள வைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் போடும் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை எனக்கு. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால், சாயங்காலம் எழுந்திருக்கும்போது இடது கால் வேறு யாருடையதோ போல இருக்கும். எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "கத்துக்கங்க. ஆபரேஷனைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்" என்றார்.

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் தெற்கே போனால், பிளாட்டுகளும் வீடுகளும் முடிந்து சீமைக்கருவேலம் தொடங்குகிற இடத்தில் அந்த நீச்சல் குளம் இருந்தது. குளத்தின் சொந்தக்காரரை எல்லாரும் பூல்காரர் என்றுதான் சொல்வார்கள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலில் நீச்சல் குளங்களைப் பராமரிக்கிற வேலை பார்த்தவர். ஊர் திரும்பியதும், அப்பாவின் நிலத்தில் தன் பங்குக்கு வந்த துண்டில் வீடு கட்டாமல் குளம் வெட்டினார். சொந்தக்காரர்கள் சிரித்தார்களாம். சுற்றி வரிசையாகத் தென்னை வைத்திருந்தார். குளத்தை வடிக்கும்போது தண்ணீர் அவற்றுக்குப் போகும். அவருடைய மனைவி டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பு பெண்களுக்கென்று ஒரு நேரம் உண்டு. அப்போது ஆண்கள் யாரும் கேட்டைத் தாண்ட முடியாது. அந்த அம்மாவே சுடிதாரோடு தண்ணீரில் இறங்கிக் கற்றுக்கொடுப்பார்.

நான் மிதக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் பிடித்தது. பூல்காரர் என் தலைக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "கழுத்த விடுங்க சார், எதுக்கு இம்புட்டு வெறப்பு? ஆபீஸ்லயா இருக்கீங்க?" என்பார். ஒரு நாள் அவர் கையை எடுத்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை. தென்னை ஓலைகளைப் பார்த்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்தேன். முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்து போயிருந்தது. கரையிலிருந்து, "மாப்ள, தூங்கிராதீங்க" என்று குரல் வந்தது. அன்றிலிருந்து நான் அவருக்கு மாப்ள. அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி மதினி.

குளத்தின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கும், அதில் ஆரஞ்சு நிற மிதவைகள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நெஞ்சளவு. அந்தப் பக்கம் ஆழம். நீச்சல் நன்றாக வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றினால்தான் கயிற்றைத் தாண்ட விடுவார். கூட்டம் அதிகமானால் கேட்டில் நின்று, "போய் ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்கண்ணே, உள்ள இருக்கிறவுக வரட்டும்" என்று சொல்வார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டு போனாலும் அவருக்குக் கவலையில்லை.

பிறகு ஒரு கோடையில் போர்வெல் வற்றியது. இன்னும் ஆழமாகப் போட்ட போரில் மோட்டார் மாட்டிக்கொண்டது. லாரித் தண்ணீர் வாங்கி ஓட்டினார்கள். அந்த வருஷம் அவர் முகத்தில் சதையே இல்லாமல் போனது. அந்த நேரத்தில்தான் கம்பெனி வந்தது.

வெளியூர்க் கம்பெனி. திருமங்கலத்தில் ஒரு நீச்சல் குளம், ரிங் ரோட்டில் ஒன்று, கூடவே சில ஜிம்கள், இளவட்டங்கள் பந்து விளையாடுகிற புல்தரை மைதானங்கள் என்று ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். இந்தக் குளத்தையும் நீண்ட கால லீசுக்கு எடுத்துக்கொண்டார்கள். பூல்காரரை மேனேஜராகச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். மதினி அதே ஜன்னலில் இருந்தார். எனக்கு அந்தச் செய்தியைச் சொன்னபோது பூல்காரர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

"இனிமே மோட்டார் எரிஞ்சா அவுக பாடு மாப்ள. நான் நிம்மதியாத் தூங்குவேன்."

நீல நிறத்தில் கம்பெனி டீ-ஷர்ட் போட்டிருந்தார். தொப்பை தெரிகிறது என்று மதினி சிரித்தார். 

பிறகு கார்டு வந்தது. ஒரு கார்டு வாங்கினால் வருஷம் முழுக்க எல்லாக் குளத்துக்கும், எல்லா ஜிம்முக்கும், எல்லா மைதானத்துக்கும் போகலாம். தை மாதமே வாங்கிவிட வேண்டும், வெயில் வந்தபின் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் டிக்கெட் வாங்கிக் குளிப்பதைக் கணக்குப் போட்டால் கார்டு மிகவும் மலிவு. நான் முதல் ஆளாகப் போய் வாங்கினேன்.

"நீங்க எங்க அம்புட்டுக் குளத்துக்கும் போகப் போறீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"போகலாம்ல."

போகவும் செய்தேன். திருமங்கலத்தில் மனைவி வழியில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும், ஸ்கூட்டரின் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த துண்டை எடுத்துக்கொண்டு அங்கிருந்த குளத்துக்குப் போனேன். சின்னக் குளம். பள்ளிப் பிள்ளைகள் சிலரும் ஒரு தாத்தாவும் மட்டும் இருந்தார்கள். ஆற அமர நீந்திவிட்டு, ஈரத் தலையோடு பந்திக்கு வந்தேன். பாயசம் ஊற்றியவர் என் தலையையும் வெளியே காய்கிற வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார். என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் எனக்கு ஒரே மிதப்பு. மதுரையைச் சுற்றி எங்கே போனாலும் எனக்கென்று தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைப் போலவே ஊரே நினைத்திருக்கிறது என்பது சித்திரையில் தெரிந்தது. எல்லாக் குளத்துக்கும் போகலாம் என்றால், ஆட்கள் எங்கே தண்ணீர் நன்றாக இருக்கிறதோ அங்கேதான் போவார்கள். பூல்காரர் கைப்பட்ட தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கண் எரியாது. சுற்றிலும் நிழல் வேறு. செல்லூரிலிருந்தும் ஒத்தக்கடையிலிருந்தும் வண்டிகள் வந்தன. குடும்பம் குடும்பமாக, டிபன் கேரியரோடு வந்தார்கள். கையில் கார்டு இருந்ததால் தெரியாத ஊரில் விருந்தாளியாக வந்தவர்கள் போல யாரும் தயங்கவில்லை. சொந்த வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வெயிலில் தண்ணீருக்கு ஆசைப்படாதவர் யார்? நானும் அதே கார்டைத்தான் பையில் வைத்திருந்தேன்.

அடுத்து திருமங்கலம் குளத்தைப் பராமரிப்பு வேலை என்று சொல்லி மூடினார்கள். அங்கே ஆள் வருவது குறைவு, செலவு அதிகம் என்று மதினி சொன்னார். அந்த ஊர்க் கார்டுக்காரர்கள் மற்ற குளங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று போனில் செய்தி வந்தது. அவர்களும் வேன் பிடித்து இங்கே வந்தார்கள். பராமரிப்பு முடியவே இல்லை. அந்தத் தாத்தா எங்கே போனார் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

பிறகு நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். போனில் ஒரு ஆப். காலையில் அதைத் திறந்து விரலைத் தயாராக வைத்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் 'இடமில்லை' என்றுதான் வரும். கார்டு இல்லாதவர்களுக்கான டிக்கெட் விலையை ஏற்றிவிட்டார்கள். அதனால் எப்போதாவது வருகிறவரும் கார்டு வாங்கினார். வாங்கியதற்காகவே வாரம் தவறாமல் வந்தார். பெண்களுக்கான காலை நேரத்தை உச்சி வெயிலுக்கு மாற்றினார்கள். காலை நேரத்துக்குத்தான் கிராக்கி அதிகமாம். வேலைக்குப் போகிற பெண்கள் நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் முகம் கறுக்கிறது என்று நின்றார்கள். மதினி அந்த வெற்றுத் தண்ணீரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நாளில் அந்த நேரத்தையே எடுத்துவிட்டார்கள்.

எனக்கு எதிலும் சண்டை போடத் தெம்பில்லை. கூட்டத்துக்கு நடுவே நீந்த முடியாது. நாலு கை போட்டால் யார் மேலாவது இடிப்போம், நிற்போம், மன்னிப்புக் கேட்போம், மறுபடி தொடங்குவோம். வீட்டுக்கு வந்தால் முதுகு முன்பைவிட வலிக்கும். "பின்ன எதுக்குப் போறீங்க?" என்பாள் மனைவி. பணம் கட்டியாயிற்றே என்பேன்.

கம்பெனியின் ஏரியா மேனேஜர் ஒரு இளைஞர். மரியாதையானவர், எப்போதும் களைத்துப் போனவர் போல இருப்பார். அவரும் பூல்காரரும் பேசிக்கொண்டதை ஒரு நாள் குளியலறைக்கு வெளியே நின்று கேட்டேன்.

"அந்தக் கயித்த எடுத்துருங்கண்ணே. அந்தப் பக்கம் பாதிக் குளம் சும்மா கெடக்கு. இங்க நெரிசல்னு கம்ப்ளெய்ன்ட் வருது."

"சும்மா கெடக்கல தம்பி. அது ஆழம்."

"போர்டு வச்சிருவோம்."

"போர்டப் பாத்துக்கிட்டா தண்ணிக்குள்ள எறங்குறாக? உள்ள விடுற ஆளக் கொறைங்க தம்பி. ஆளுக கூடிக்கிட்டே போறாக, தண்ணி கூடுதா?"

"கார்டு வித்தாச்சுண்ணே. வர்றவங்கள வேணாம்னு நான் எப்படிச் சொல்ல? என்னையும் மேல கேப்பாங்கல்ல?"

கயிறு போயிற்று. அதற்குப் பதிலாகச் சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு வந்தது. 'ஆழமான பகுதி' என்பதில் ஒரு எழுத்து தவறாக இருந்தது. தொழில் புத்தி, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எப்படியோ எனக்கு இடம் கிடைத்தது. போய்ப் பார்த்தால் தண்ணீரே தெரியவில்லை, தலைகள்தான். ஆழத்தின் பக்கம் மட்டும் கொஞ்சம் இடைவெளி இருந்தது. நெரிசலிலிருந்து தப்பித்தால் போதும் என்று அங்கே போனேன். மல்லாந்து மிதக்கலாம் என்று கழுத்தைத் தளர்த்தினேன். கரையிலிருந்து யாரோ குதித்தார்கள். முழங்காலோ குதிகாலோ, என் இடுப்பில் இறங்கியது.

வலிகூட உடனே தெரியவில்லை. இடது கால் இல்லாமல் போனதுதான் தெரிந்தது. அடுத்து வலது காலும் என் பேச்சைக் கேட்கவில்லை. கையை அடித்துப் பார்த்தேன். ஒரு தடவை மேலே வந்து, "அண்ணே" என்று கூப்பிட்டேன். அங்கே எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் கத்தியதும் அதில் ஒன்றாகப் போயிற்று. யாரோ ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தண்ணீரை என் முகத்தில் அடித்தார், விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு. மறுபடி உள்ளே போனேன். தண்ணீருக்கு அடியில் சத்தம் அடங்கிவிட்டது. சுற்றிலும் கால்கள், நிறையக் கால்கள், எல்லாம் சந்தோஷமாக உதைத்துக்கொண்டிருந்தன. இத்தனை பேருக்கு நடுவில் ஒருவன் செத்துப்போக முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பூல்காரர் அந்த நேரம் எதிர்க்கரையில், இடமில்லை என்று சண்டை போட்ட ஒரு குடும்பத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சை நடுவில் விட்டுவிட்டு, டீ-ஷர்ட்டோடும் பையில் இருந்த போனோடும் குதித்ததாக மதினி பிறகு சொன்னார். என் தாடைக்குக் கீழே ஒரு கை வந்தது மட்டும் எனக்குத் தெரியும். அந்தக் கையை எனக்கு அடையாளம் தெரிந்தது.

கரையில் போட்டு என்னை ஒருக்களித்துத் திருப்பினார்கள். குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்தது. மதினி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல தம்பி, ஒண்ணுமில்ல, மூச்சு விடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிலர் போனில் படம் எடுத்தார்கள். பூல்காரர் என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கூட்டத்திலிருந்து ஒரு குரல் தயக்கமாக, "அண்ணே, எங்க டைம் இன்னும் பாக்கி இருக்கு. எறங்கலாமா?" என்று கேட்டது. என்னை ஆட்டோவில் ஏற்றுவதற்குள் தண்ணீரில் மறுபடி சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் வேண்டாம், படுக்கையில் கிடந்தால் போதும் என்று அனுப்பினார்கள். ஏரியா மேனேஜர் ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"கம்பெனி இத ரொம்ப சீரியஸா எடுத்துக்கிருச்சு சார். இனிமே இப்படி நடக்காது."

"கூட்டத்தைக் கொறச்சா நடக்காது தம்பி" என்றேன்.

"சொல்றேன் சார்" என்றார். அவர் உண்மையாகவே சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்றரை மாதம் கழித்து, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு குளத்துக்குப் போனேன். நன்றி சொல்லவேண்டும் என்று மனைவி கட்டிக்கொடுத்த அதிரசம் கையில் இருந்தது. கேட் திறந்து கிடந்தது. குளத்தில் தண்ணீர் இல்லை. ஒரு டிப்பர் லாரி பின்பக்கமாக வந்து ஆழமான பக்கத்தில் ஜல்லியைக் கொட்டிக்கொண்டிருந்தது. பூல்காரர் தென்னை மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"மூடுறாங்க மாப்ள. ஆழம் இருந்தாத்தான ஆபத்து? இனிமே இந்த மூலைலேருந்து அந்த மூல வரைக்கும் இடுப்பளவுதான்."

"கூட்டத்தாலதான் ஆச்சுன்னு நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். நடந்தது ஆழத்துலதானங்கிறாக. இடுப்பளவுன்னா இன்னும் நெறையப் பேரு நிக்கலாம்ல." அவர் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வளைகுடால வெயில்ல நின்னு சம்பாரிச்சு வெட்டுன ஆழம் மாப்ள. பாறைய ஒடைக்க எம்புட்டு நாளாச்சு தெரியுமா?"

என்னால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதிரசத்தை வாங்கிக்கொண்டு, "ஒங்க மதினிக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து ஆப்பில் கம்பெனிக்கு நீளமாக எழுதினேன். என் மேல் இடித்தது ஆழம் இல்லை, ஆள் என்று எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது.

குளம் மறுபடி திறந்தபோது கூட்டம் இன்னும் கூடியிருந்தது. தீபாவளிக்கு மறுநாள், உள்ளே நிற்கவே இடமில்லாதபோது, பூல்காரர் கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டார். வெளியே கார்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஒரு கூட்டம் நின்றது. "பதிவு பண்ணிருக்கோம்ல, எதுக்குத் தொறக்க மாட்டேங்கிறே?" என்று ஒருவர் கேட்டைக் குலுக்கினார். ஏரியா மேனேஜர் திரும்பத் திரும்ப போன் செய்தார். இவர் எடுக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் குளித்து, தலை துவட்டி, ஒவ்வொருவராக வெளியேறிய பிறகுதான் கேட்டைத் திறந்தார். எனக்கு இதைச் சொன்னது மதினி. "கொஞ்ச நேரம் பழைய மாதிரி இருந்துச்சு தம்பி" என்றார்.

அடுத்த வாரம் அவரை ரிங் ரோட்டுக் குளத்துக்கு மாற்றினார்கள். அவர் போக மறுத்து வேலையை விட்டார். மதினியும் கூடவே வேலையிலிருந்து நின்றுகொண்டார். லீஸ் முடிய இன்னும் பல வருஷங்கள் இருக்கின்றன. நிலம் அவர்களுடையது, தென்னையும் அவர்களுடையது. உள்ளே போகவேண்டுமென்றால் அவர்களுக்கும் கார்டு வேண்டும்.

தை பிறந்ததும் என் கார்டு முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இந்தத் தடவை வாங்கப் போவதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். வேறு குளம் தேடினேன். நான் விசாரித்த குளமெல்லாம் அதே கார்டுக்குள் இருந்தது. ஒரு பள்ளிக்கூடக் குளம் உண்டு, வெளியாட்களை விடமாட்டார்கள். டாக்டரிடம் கேட்டேன். இடுப்பளவு தண்ணீரில் நடந்தாலே முதுகுக்கு நல்லது, அதையாவது விடாதீங்க என்றார். விலை ஏறுவதற்கு முன் கடைசி நாளன்று கார்டைப் புதுப்பித்தேன். மனைவி துண்டைத் துவைத்து மடித்து வைத்தாள்.

பங்குனியில் ஒரு காலை, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பூல்காரரைப் பார்த்தேன். தேனிப் பக்கம் ஒரு விடுதியில் குளத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை, வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போகிறேன் என்றார். உடம்பு இளைத்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார், நான் கொடுக்கிறேன் என்றபோது கையைத் தட்டிவிட்டார்.

"கார்டு எடுத்தாச்சா மாப்ள?"

"எடுத்தாச்சுண்ணே" என்றேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"அட, வேற எங்க போவீங்க? முதுகு கேக்குமா?" கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார். "தண்ணி எப்படி இருக்கு?"

"கண்ணு எரியுதுண்ணே."

"குளோரின் மருந்த அள்ளிப் போடுறாங்ய" என்றார். "அம்புட்டுக் கூட்டத்துக்கு வேற என்ன செய்ய முடியும்?"

தேனி பஸ் வந்தது. "வாரேன் மாப்ள, சும்மா ஒக்காந்தே கெடக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை போல, உள்ளே நின்றுகொண்டிருந்தவர்களுக்கு நடுவில் அவர் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது. பஸ் கிளம்பியதும் நான் ஆபீசுக்குப் போனேன். ஏழாம் வகுப்பு அறிவியல் நோட்ஸ் மேஜையில் கிடந்தது. நாற்காலியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.